பல்பு இல்லாத அறை

விரல் போன இடத்தில் தோல் இல்லை.

மருமகள் கையை வெடுக்கென்று இழுக்கவில்லை. இழுத்தால் போர்வை விலகும். விலகினால் வாசற்படியில் காவல் நிற்கிற மாமியார் 'ச்சு' கொட்டுவாள். ஈரத்துணியை உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடியே, மறுபடி அதே இடத்தைத் தேடினாள். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடம். துணியின் ஈரமா, வேறு ஈரமா? எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும். இங்கே பார்ப்பதற்கு இல்லை. விரல்நுனி வழுக்கி ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது. போர்வைக்குள்ளிருந்து மாமனார் முனகினார்.

"அத்தை, ஜன்னல்ல தொங்குறத கொஞ்சம் விலக்குங்க. மாமாவுக்கு முதுகுல புண்ணு இருக்கு."

மாமியாரின் குரல் இறங்கியது. "முதுகுல இருக்குறது உனக்கெப்படித் தெரியும்? பாத்தியா?"

"பாக்கல. கையில தட்டுப்பட்டுச்சு."

"சரி சரி, கழுவி முடி. பவுடர் போட்டா காஞ்சிரும்."

காலைச் சாப்பாட்டின்போது விஷயம் கூடத்துக்கு வந்தது. கணவன் எலெக்ட்ரீஷியன்; ஊரில் பாதி வீட்டுக்கு அவன் இழுத்த ஒயரில்தான் விளக்கு எரிகிறது. கேட்டதும் கையிலிருந்ததைத் தட்டிலேயே போட்டான்.

"தெனமும் நீதான கழுவுற? பள்ளம் விழுற புண்ணு ஒரே ராத்திரியில வந்துருமா? நர்ஸுக்கு வேற படிக்கிற."

அவள் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அவன் கேட்பதற்கு முன்பே அவள் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்றுத் துணி அந்த இடத்தைத் தாண்டிப் போனபோது சற்று வழவழப்பாக இருந்ததே, அதுவா? அதற்கு முந்தின நாள் அறையில் ஒரு வாடை வந்ததே, மலச்சட்டியை அலம்பாத வாடை என்று நினைத்தோமே, அதுவா? எங்கே தவறவிட்டோம் என்று ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள்.

மாமனார் ஒரு காலத்தில் பேருந்து ஓட்டியவர். படியில் தொங்குகிறவனை அவர் ஓர் அதட்டல் போட்டால் பின்வாசலில் தொங்குகிறவனும் உள்ளே ஏறிவிடுவான் என்பார்கள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு அந்தக் குரல் வாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாமியாருக்கு முட்டி மடங்காது, குனிய முடியாது. மகன் செய்யலாம்தான்; ஆனால் பீ மூத்திரம் அள்ளுவது ஆண் வேலை இல்லை என்பது அந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத சட்டம். ஆக, மருமகள். மருமகள் மாமனாரின் உடம்பைப் பார்க்கலாமா? கூடாது. அதற்கும் அந்தத் தெரு வழி வைத்திருந்தது. பார்க்காமல் கழுவ வேண்டும். ஜன்னலில் கனத்த போர்வை. உள்ளே விளக்கு கிடையாது. போர்வையின் கால்மாட்டுப் பக்கம் கையை விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயைத் திறக்காமல் கழுவி முடித்து வெளியே வர வேண்டும். யாராவது மறதியாக விளக்கைப் போட்டுவிடக் கூடாதே என்று மாமியார் சொல்ல, அந்த அறையின் பல்பைக் கழற்றியவன் எலெக்ட்ரீஷியன்தான்.

மாலை நேர நர்ஸிங் வகுப்பில் சேர வீட்டில் சம்மதித்ததும் இதற்காகத்தான். மருமகளே நர்ஸாகிவிட்டால் வெளியாள் வேண்டாம் அல்லவா? மாமியார் எதிர்வீட்டில் அதைப் பெருமையாகவே சொல்லியிருந்தாள். மருமகளுக்கு வேறு கணக்கு இருந்தது. சான்றிதழ் கைக்கு வந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. அதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம்.

"நீங்க ஒரு தடவ உள்ள வந்து பாருங்க," என்றாள் கணவனிடம். "நீங்க மகன். உங்களுக்கு என்ன தடை?"

அவன் கருவிப் பையைத் தோளில் மாட்டினான். "அப்பாவ நான் அந்த மாதிரி பாத்ததில்ல. பாக்கவும் மாட்டேன். டாக்டரு வந்தாலும் முதல்ல என்ன கேப்பாரு? யாரு கவனிச்சதுன்னு கேப்பாரு. மானம் போகும்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவள் இருட்டறைக்குள் போய், போர்வைக்கு மேலேயே கையை வைத்து மாமனாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, புண் அழுந்தாதபடி முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். அதுவரைக்கும் அனுமதி இருந்தது.

அன்று மாலை வகுப்பில் பண்பாட்டுப் பாடம். பாடம் எடுப்பவரை எல்லோரும் டியூட்டர் அம்மா என்பார்கள், நேரில் மேடம். மடிப்புக் கலையாத சேலை, காதோரம் செருகிய பேனா. நல்லவர்தான், விதி என்று ஒன்று இருந்தால் அதைத் தாண்டிக் கால் வைக்காதவர்.

"ஒரு வீட்டுக்குள்ள போறப்போ செருப்பையும் அபிப்பிராயத்தையும் வாசல்லயே கழட்டி வைச்சிடணும்," என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

வகுப்பின் ஓரத்துக் கட்டிலில் மூக்கு உரிந்த ரப்பர் பொம்மை ஒன்று படுத்திருந்தது. எத்தனை பேர் குளிப்பாட்டித் துடைத்துப் புரட்டிப் போட்டாலும் ஒரு வார்த்தை பேசாமல் சேவையை வாங்கிக்கொண்டு கிடப்பதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். படுக்கைக் குளியலுக்கு மாப்பிள்ளையிடம் முழு மதிப்பெண் வாங்கியவள் இந்த மருமகள் ஒருத்திதான். முதல் படி: நோயாளியிடம் சொல், கேள். அவள் குனிந்து, "ஐயா, உங்களக் குளிப்பாட்டப் போறேன், சரிங்களா?" என்று பொம்மையின் முகத்தைப் பார்த்து அவ்வளவு அக்கறையாகக் கேட்டபோது, வகுப்பில் ரேடியோ என்று பேர் வாங்கியிருந்த பக்கத்து இருக்கைக்காரி, "சரின்னு சொல்லுய்யா, எவ்வளவு மரியாதையா கேக்குது புள்ள," என்றாள். டியூட்டர் அம்மாவே சிரித்துவிட்டார்.

அந்த முதல் படியை வீட்டில் ஒரு நாளும் செய்ததில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொம்மையிடம் கேட்டிருக்கிறாள். மாமனாரிடம் கேட்டதில்லை.

எழுந்து நின்றாள். கேட்கப்போவது முட்டாள்தனமாக இருக்குமோ என்று தோன்றினாலும் கேட்டாள். "மேடம், நோயாளியோட உடம்பப் பாக்கவே கூடாதுங்குறதுதான் அந்த வீட்டு வழக்கம்னா?"

"வழக்கத்துக்குள்ளயே நின்னு சமாளிக்கணும். அதுதான் திறமை. யார் மனசும் நோகக் கூடாது."

"உள்ள புண்ணு இருந்தா மேடம்?"

டியூட்டர் அம்மா பாடப்புத்தகத்தை மூடினார். பிறகு, நாளைக் காலை உன் வீட்டுக்குத்தான் முதல் மதிப்பீடு, அங்கே வந்து பேசிக்கொள்ளலாம் என்றார். ஒவ்வொரு மாணவியும் ஒரு நோயாளிக்கு அவர் வீட்டிலேயே படுக்கைக் குளியல் செய்து காட்ட வேண்டும். செய்முறைக்கு ஒரு மதிப்பெண், வீட்டாரின் பண்பாட்டை மதித்ததற்கு ஒரு மதிப்பெண். இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். அவளுக்கு நோயாளி என்று மாமனார் பெயர்தான் போயிருந்தது.

வெளியே வரும்போது ரேடியோ அவள் தோளில் இடித்தாள். "உனக்கென்னடி, சொந்த வீடு, சொந்த மாமனாரு. கண்ண மூடிக்கிட்டே பாஸ் பண்ணிடுவ."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மாமியார் விடிந்ததிலிருந்தே பரபரப்பாக இருந்தாள். பரீட்சை தனக்குத்தான் என்பதுபோல் ஜன்னல் போர்வையின் இடுக்கில் துணி அடைத்தாள். கட்டில் போர்வையை நான்கு பக்கமும் செருகினாள். டியூட்டர் அம்மா வந்ததும் நாற்காலியை வாசற்படிக்கு வெளியே, முதுகு அறைப்பக்கம் இருக்கும்படி போட்டுக் கொடுத்தாள்.

"நீங்க இங்க உக்காந்தே மார்க்கு போட்டுக்கலாம் டீச்சரம்மா. எங்க வீட்டுல எல்லாம் மறைவாதான் நடக்கும்."

டியூட்டர் அம்மா நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டு, பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். கணவன் வேலைக்குப் போகும் கோலத்தில், பையைக் காலடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றான். மனைவி தேறுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பான்.

அவள் வெந்நீரை விளாவி, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிச் சூடு பார்த்தாள். சோப்பு, துண்டுகள், மாற்று விரிப்பு, குப்பைக்கு ஒரு பை. எல்லாவற்றையும் கைக்கெட்டும் வரிசையில் வைத்தாள். வரிசை சரியாக இருந்தது. இனிமேல் போர்வைக்குள் கையை விட்டால் போதும். இருட்டில் புண்ணைச் சுற்றித் துடைத்து, பவுடர் போட்டு வெளியே வந்தால் இரண்டு மதிப்பெண்ணும் கைக்கு வரும். பெரிய ஆஸ்பத்திரி வரும். பிறகு ஒரு நல்ல சமயம் பார்த்துப் புண்ணைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். நான் என்ன பெரிய டாக்டரா, ஒருவேளை சின்னப் புண்தானோ என்னவோ. இப்படி ஒரு பக்கம் மனசு சொல்லிக்கொண்டே இருக்க, அவள் கூடத்துக்கு வந்து குனிந்து, கணவனின் பையிலிருந்து ஒரு பல்பை எடுத்தாள்.

"ஏய், அது வேற வீட்டுக்கு வாங்கினது," என்றான் அவன். வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"அவங்க வீட்டுல ஏற்கெனவே வெளிச்சம் இருக்கும்ல."

முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். மாமியார் வாசற்படியில் குறுக்கே கையை வைத்தாள். "என்ன பண்ற? பெரிய மனுஷன் மானத்த வெளிச்சம் போட்டுக் காட்டப் போறியா? தெருவுல நான் தலை காட்ட வேண்டாமா?"

பல்பை மாட்டிவிட்டாள். ஸ்விட்சைத் தொடவில்லை. இறங்கி, கட்டிலருகே போய், முதல் தடவையாக அந்த அறைக்குள் மாமனாரிடம் வாயைத் திறந்தாள்.

"மாமா, நான்தான். மருமக. உங்களக் குளிப்பாட்டப் போறேன். முதுகுல புண்ணு இருக்கு, பாத்துத்தான் கழுவணும். வெளக்கப் போடட்டுமா? நீங்க வேண்டாம்னா போடல."

டியூட்டர் அம்மாவின் பேனா அசையவில்லை. மாமனார் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைக்கவில்லை.

இருட்டிலிருந்து, வாயின் ஓரத்திலிருந்து, வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"போடு தாயி. இருட்டுக்குள்ள... ஒரு கை வருது... யாரு கைன்னே தெரியல. பயமா... இருக்கு."

அவள் விளக்கைப் போட்டாள்.

வெளிச்சத்தில் கண் கூசியது. மாமனார் கண்ணைச் சிமிட்டி, மருமகளின் முகத்தை, ஏதோ ஊரிலிருந்து வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இத்தனை நாளும் தன்னைத் தொட்ட கைக்கு இப்போதுதான் ஒரு முகம் கிடைத்திருந்தது.

"என்னங்க, உள்ள வாங்க," என்றாள் கணவனிடம். "இவரத் தனியாப் பொரட்டிப் புடிச்சுக்கிட்டே கழுவ என்னால முடியாது. இடது தோளப் புடிங்க."

"நானா?"

"நீங்கதான். மூஞ்சியத் திருப்பாதீங்க, பிடி நழுவிடும்."

டியூட்டர் அம்மா முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வராததாலோ, அப்பா தன்னைப் பார்த்துவிட்டார் என்பதாலோ, வந்து பிடித்தான். அவள் பெரிய துண்டால் மாமனாரை மூடி, கழுவுகிற இடத்தை மட்டும் விலக்கி, துடைத்து, உலர்த்தி, மூடிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனாள். முகம், கழுத்து, கை, மார்பு. எந்த நேரத்திலும் ஒரு சிறு இடத்துக்கு மேல் அவர் உடம்பு வெளியே தெரியவில்லை. மாப்பிள்ளையிடம் பழகியது இதைத்தான். போர்வையும் இருட்டும் செய்வதாகச் சொல்லிக்கொண்ட வேலையைத் துண்டு ஒன்று ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

பிறகு முதுகு. விலக்கியதும் கணவனின் கை அவர் தோளில் இறுகியது. உள்ளங்கையளவு. ஓரங்கள் கறுத்து, நடுவே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பா என்று அவன் கேட்கவில்லை; கேட்க வேண்டியிருக்கவில்லை.

"டாக்டரக் கூப்பிடணும்," என்றாள். "மானம் போனா போகட்டும்."

வாசற்படியில் மாமியார் அப்படியே சாய்ந்து நின்றாள். கை எப்போதோ இறங்கியிருந்தது. யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"எங்க மாமனாரயும் நான் இப்படித்தான் கழுவுனேன். பாக்காத பாக்காதன்னாங்க, பாக்கல. செத்த அன்னைக்கு குளிப்பாட்ட வந்த ஆம்பளைங்க முதுகத் திருப்பிப் பாத்துட்டு, என்ன மருமக நீ, கண்ணு அவிஞ்சா போச்சுன்னு கேட்டாங்க." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அத்தனை பேரு நடுவுல கேட்டாங்க," என்றாள்.

கணவன் தலையைத் தூக்கவில்லை. நேற்றுக் காலை சாப்பாட்டுத் தட்டின் முன் தான் கேட்டதும் அதே கேள்விதான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

எல்லாம் முடிந்ததும் டியூட்டர் அம்மா அவளைக் கூடத்து மூலைக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். செய்முறையில் குறையே இல்லை, முழு மதிப்பெண் போட்டிருப்பதாகச் சொன்னார். பிறகு பேனாவை மூடித் திறந்தார்.

"ஆனா பண்பாட்டுல தேற வைக்க முடியாது. வீட்டு வழக்கத்த வீட்டாளுங்க முன்னாடியே மீறிட்ட. அவங்க தடுத்தாங்க, நானே பாத்தேன். நாளைக்கு மேல இருந்து கேட்டா நான் பதில் சொல்லணும்."

"முதல் படி நோயாளியக் கேக்குறதுன்னு நீங்கதான மேடம் சொல்லிக்குடுத்தீங்க. கேட்டேன். அவரு சொன்னாரு. அவரு இந்த வீட்டாளு இல்லையா?"

டியூட்டர் அம்மா மதிப்பெண் தாளை மடித்தார். பிறகு ஏதோ ஒத்தாசை செய்கிற குரலில், மறுமதிப்பீட்டுக்கு ஒரு வாய்ப்பு உண்டு என்றார். வேறு வீடு பார்த்துக்கொள், இந்த மாதிரிச் சிக்கல் இல்லாத, நல்ல வெளிச்சமான வீடாகப் பார், சுலபமாகத் தேறிவிடலாம். அதிலும் தவறினால் அடுத்த வருஷம் முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

சரி மேடம் என்று அவள் தலையாட்டினாள். நியாயம் தன் பக்கம்தானா என்ற சந்தேகம் அப்போதும் போகவில்லை. அறைக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பற்றி மட்டும் சந்தேகம் வரவில்லை.

டாக்டர் வந்தார். அழுகிய சதையை வெட்டி எடுத்துக் கட்டுப்போட்டார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று எல்லோரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார். அதற்கப்புறம் காலையில் தோளைப் பிடிக்கக் கணவன்தான் வந்தான். முதலில் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தான். பிறகு, அப்பா வண்டி ஓட்டிய கதைகளைக் கிளறிக்கொண்டே வந்தான். ஒரு நாள் அவன் தோளைச் சரியாகப் பிடிக்காமல் இழுத்தபோது மாமனார், "மெதுவாடா... பிரேக்கு... எங்க இருக்குன்னு பாத்து மிதி," என்றார். ஜன்னல் போர்வையை மாமியாரே கழற்றித் துவைத்துப் போட்டாள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

தெரு பேசியது. மாமனாரை மல்லாக்கப் போட்டு வெளிச்சம் அடித்தவள் என்று எதிர்வீட்டுக்காரி அவளுக்குப் பட்டம் கொடுத்திருந்தாள். அந்தப் பேச்சு நாத்தனார் வீட்டுக்கும் எட்டி, அவள் ஒரு நாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இறங்கும்போதே குரல் முன்னால் வந்தது.

"ஏன் அண்ணி, எங்கப்பாவ என்ன பொருட்காட்சியில வெச்சிருக்கீங்களா? எங்க மாமியாரு வாயில நான் விழ வேண்டியிருக்கு."

மருமகள் அறையைக் காட்டினாள். நாத்தனார் உள்ளே போனாள். கட்டு மாற்றுகிற நேரம் அது. சிவந்து, சுத்தமாக, ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிற புண்ணைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்து, வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தார். அவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

போகும்போது செருப்பை மாட்டுகிற சாக்கில் வாசலில் நின்றாள். வந்தபோது இருந்த குரல் இல்லை.

"அண்ணி, எங்க வீட்டுலயும் மாமனாரு படுத்துக் கெடக்காரு. நான்தான் கழுவுறேன். கொஞ்ச நாளா ரூமுல ஒரு வாடை." செருப்பு வாரைச் சரிசெய்தாள். "சட்டிய சரியா அலம்பலன்னு என் மாமியா திட்டுது."

மருமகள் அவள் முகத்தைப் பார்த்தாள். "உங்க வீட்டு ரூமுல பல்பு இருக்கா?"

"கழட்டியாச்சு. எங்க அண்ணன்தான் வந்து கழட்டுச்சு."

அன்று மாலையே மறுமதிப்பீட்டுக்கான வீடு எது என்று டியூட்டர் அம்மா கேட்டபோது, அவள் நாத்தனார் வீட்டைச் சொன்னாள். நல்ல வெளிச்சமான வீடா என்று அவர் கேட்டார். வந்து பாருங்கள் மேடம் என்றாள். பக்கத்திலிருந்த ரேடியோ இந்தத் தடவை சிரிக்கவில்லை. மருமகளின் கையை மேசைக்கடியில் ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டாள்.

மதிப்பீட்டு நாளில் கணவன் வேலைக்குப் போகாமல் அவளோடு வந்தான். நாத்தனாரின் மாமியார் அவர்கள் வீட்டு வாசற்படியில், குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருட்டு, இருட்டுக்குள்ளிருந்து அந்த வாடை.

டியூட்டர் அம்மா வாடையை முகர்ந்தார். மருமகளைப் பார்த்தார். "இன்னொரு வருஷம் போயிரும், தெரியுமில்ல?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியும் மேடம்."

டியூட்டர் அம்மா பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார். அது எந்தக் கட்டத்தில் என்ன எழுதப் போகிறது என்று அவள் பார்க்கவில்லை. நாத்தனார் தன் மாமியாரின் கையை மெல்ல இறக்கிவிட, கணவன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், பல்பை மாட்டிவிட்டு இறங்கினான். மருமகள் கட்டிலருகே குனிந்தாள்.

"ஐயா, என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களக் குளிப்பாட்ட வந்திருக்கேன். வெளக்கப் போடட்டுமா?"